குப்பத்து மீனும் கூகுள் கணக்கும்

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்தை மையமாக வைத்து, ஃபேஸ்புக் விளம்பரப் பக்கத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஏறக்குறையப் பாதி வட்டம் வங்கக் கடலில் விழும். மிச்சப் பாதியின் வடக்கு ஓரம் அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டி சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் என்று போகும். வரைபடத்தில் அது கூப்பிடு தூரம். ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கோ, முகத்துவாரத்தில் இருக்கும் பாலம் பல வருடங்களாக உடைந்தே கிடப்பதால், அடையாறு போய், திரு.வி.க. பாலம் ஏறி, ஆற்றின் அந்தக் கரையில் திரும்பி வர வேண்டும். வட்டத்துக்கு ஆறும் தெரியாது, பாலம் உடைந்ததும் தெரியாது. ஆற்றுக்கு இந்தப் பக்கமாகவே பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் என்று சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டால் அதே காசு உருப்படியாகச் செலவாகும்.

இணையத்தில் விற்கிறவர்களுக்கு வந்து சேரும் எண்களில் பலவும் இந்த வட்டத்தின் ஜாதிதான். திரையில் துல்லியம், தரையில் கோணல். அவற்றை எப்படிப் படிப்பது, எதை நம்புவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணம் மீன் வியாபாரம். கருவாடோ புடவையோ ஊறுகாயோ விற்கிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

மீன் இணையத்துக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பெங்களூரின் லிசியஸ் 2015-ல் தொடங்கி, 2021-ல் நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம் ஆனது. சென்னையில் டெண்டர்கட்ஸ் 2016-ல் வந்தது. தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகமே 'மீன்கள்' என்ற பெயரில் இணைய விற்பனை நடத்தியது. இவர்களிடம் எண்களைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருப்பார்கள். குப்பத்துக் குடும்பத்திடம் இருப்பது ஒரு கைப்பேசி, ஒரு வாட்ஸாப் பிசினஸ் கணக்கு, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், மிஞ்சிப்போனால் சொந்தமாக ஒரு சின்ன வலைத்தளம்.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா கரையில் ஏலம் எடுத்து, சாலையோரத்தில் கூறு வைத்து விற்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு வலைத்தளம் செய்து, அதில் கூகுள் அனலிட்டிக்ஸைச் சேர்த்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயனர்கள் 640 என்று திரை காட்டுகிறது. ஆர்டர் வந்ததோ 18.

"இன்னா பாப்பா, அறுநூறு பேரு வந்தாங்கன்ற, வஞ்சிரம் பெட்டியிலயே கெடக்குது?"

"வந்தவங்க கணக்கும்மா அது. வாங்குனவங்க கணக்கு இல்ல."

மகள் சொன்னது பாதி சரி. அந்த 640, வந்தவர்கள் கணக்குகூட இல்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வலைத்தளத்தில் சேர்க்கப்படும் அனலிட்டிக்ஸ் என்பது சில வரி நிரல். யாராவது பக்கத்தைத் திறந்ததும் அந்த நிரல் அவர்களுடைய கைப்பேசியில் ஓடி, 'இந்தப் பக்கம் திறக்கப்பட்டது, இத்தனை மணிக்கு, இந்த மாதிரி கைப்பேசியில், இந்த இடத்திலிருந்து வந்து' என்று கூகுளுக்கு ஒரு சேதி அனுப்பும். அடுத்த முறை அதே ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக உலாவியில் ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் போகும். அந்தக் குறிப்புதான் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. கடைப் பையில் என்ன போட்டோம் என்பதைத் தளம் மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. ஆளைத் தொடரும் வேலைக்கு அது பிறகுதான் போனது.

ஆக, திரையில் வரும் 'பயனர்' என்பது ஒரு மனிதர் இல்லை. ஒரு உலாவிக்குள் இருக்கும் ஒரு குறிப்பு. இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து, அதற்குள்ளேயே உங்கள் தளத்தைத் திறந்தவர் ஒரு பயனர். அவரே சாயங்காலம் குரோமில் திறந்தால் இன்னொரு பயனர். அலுவலகக் கணினியில் திறந்தால் மூன்றாவது. ஐபோன் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல். அனலிட்டிக்ஸ் நிரல் எழுதிவைக்கும் குறிப்பை ஆப்பிளின் சஃபாரி உலாவி ஏழு நாளில் அழித்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் சங்கரா வாங்கும் பெசன்ட் நகர் வாடிக்கையாளர், அவரிடம் இருப்பது ஐபோனாக இருந்தால், ஒவ்வொரு முறையும் 'புதியவர்' என்றுதான் பதிவாவார். அம்மாவுக்கு அவருடைய முகமும், வால் பக்கத் துண்டு வேண்டாம் என்பார் என்பதும் தெரியும். அனலிட்டிக்ஸுக்கு அவர் யாரோ. விளம்பரத் தடுப்பான் போட்டவர்களோ கணக்கிலேயே வர மாட்டார்கள். ஒரு பக்கம் கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்து, ஆளே இல்லாத வருகைகள். இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2024-ல் இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் தானியங்கி நிரல்களுடையது. மனிதர்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி போட இணையத்தையே வாரிக்கொண்டிருக்கும் நிரல்கள் இதைக் கூட்டிவிட்டன. கூகுள் அனலிட்டிக்ஸ் தனக்குத் தெரிந்த நிரல்களை வடிகட்டிவிடும். தெரியாதவை மனிதர் போலவே உள்ளே வந்துவிடும். 2025-ன் பிற்பகுதியில் உலகம் முழுவதும் சிறு தளம் நடத்துபவர்கள் தங்கள் அறிக்கையில் சிங்கப்பூரும், சீனாவின் லான்சோ நகரமும் திடீரென மேலே ஏறியதைப் பார்த்துக் குழம்பினார்கள். அடையாறைத் தாண்டி அனுப்பாத மீன் கடைக்கு லான்சோவிலிருந்து என்ன வாடிக்கையாளர்? சீனாவைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். சிங்கப்பூர் அப்படி இல்லை. அங்கே நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், சும்மாவாவது பார்ப்பார்கள் என்று தோன்றும். அதைச் சோதிக்க வழி உண்டு. கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ல் ஒரு வருகை பத்து விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயலைச் செய்தாலோ அதை 'ஈடுபாடுள்ள' வருகையாக எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் வரிசையில் ஈடுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அது அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை.

நம் கற்பனைக் குடும்பத்தின் 640-ல் இப்படி 300 கழிந்தது என்று வையுங்கள். மிச்சம் 340. அதில் 18 ஆர்டர் என்றால் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். கழிக்காமல் பார்த்தால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கடை அதே, ஞாயிறும் அதே. ஒரு கணக்கில் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும், இன்னொன்றில் பரவாயில்லை என்று தெரியும்.

எங்கிருந்து வந்தார்கள் என்ற பகுதிக்கு வருவோம். நம் ஊரில் இணைய வியாபாரம் பெரும்பாலும் வாட்ஸாப்பில்தான் ஓடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் ஒருவர் உங்கள் இணைப்பைப் போடுகிறார், நாற்பது பேர் தட்டுகிறார்கள். அனலிட்டிக்ஸ் இதை 'நேரடி' என்று காட்டும், உங்கள் முகவரியை மனப்பாடமாக வைத்திருந்து நாற்பது பேரும் தட்டச்சு செய்து வந்தது போல. வாட்ஸாப்பிலிருந்து வரும் தட்டலுடன் எங்கிருந்து வந்தது என்ற தகவல் பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை. வழி தெரியாத எல்லாவற்றையும் கொட்டும் கூடை அந்த 'நேரடி'. உங்கள் வியாபாரத்தில் மிக வலுவான பகுதி அந்தக் கூடைக்குள் கிடக்கலாம்.

இதற்கு ஒரு சுலபமான பரிகாரம் இருக்கிறது. இணைப்பின் வாலில் 'இது வாட்ஸாப், ஞாயிறு பட்டியல்' என்பது போன்ற ஒரு குறிச்சொல்லைச் சேர்த்துப் பகிர்வது. யூ.டி.எம். குறிச்சொல் என்பார்கள். கூகுள் 2005-ல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதை வைத்துத்தான் அந்த வருடக் கடைசியில் அனலிட்டிக்ஸைத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது விட்டுப்போன இந்தக் குறிச்சொல் மட்டும் இன்றும் ஒவ்வொரு விளம்பர இணைப்பிலும் தொங்குகிறது. காசு செலவில்லை. இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, வாட்ஸாப்புக்கு ஒன்று, கடையில் ஒட்டிய கியூ.ஆர். அட்டைக்கு ஒன்று என்று மூன்று போதும். அதற்கு மேல் போட்டால் எது எதற்கென்று உங்களுக்கே மறந்துவிடும்.

இடத்தைப் பற்றிய தகவல் இன்னும் பலவீனமானது. அனலிட்டிக்ஸ் கைப்பேசியின் ஐ.பி. முகவரியை வைத்து ஊரை ஊகிக்கிறது. நகரத்துக்குக் கீழே அது இறங்காது. பெசன்ட் நகரும் பெரம்பூரும் அதற்கு ஒரே சென்னை. பல நேரங்களில் இங்கே உட்கார்ந்திருக்கும் ஆளை, தொலைபேசி நிறுவனத்தின் இணைய வாசல் வேறு நகரத்தில் இருக்கிற காரணத்தால், அந்த நகரத்தில் காட்டும். எந்தத் தெருவில் வஞ்சிரம் போகும், எந்தத் தெருவில் நெத்திலி போகும் என்பது டெலிவரி செய்கிறவரின் தலையில் இருக்கிறது, கூகுளிடம் இல்லை. சிறு தளத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வயது, பாலினம் போன்ற விவரங்களைக் கேட்டால், ஆள் எண்ணிக்கை குறைவாக இருக்கும் வரிசைகளைக் கூகுள் மறைத்துவிடும். பத்துப் பேரில் யார் யார் என்று ஊகித்துவிடலாம் என்பதால் அந்த ஏற்பாடு. நியாயமானதுதான். ஆனால் நாளைக்கு முப்பது பேர் வரும் கடைக்கு அறிக்கையில் பாதி காலியாக இருக்கும்.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள்? இலவசம், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பதை அதன் சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம். பத்து வருடத்துக்கு மேல் பழகிய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்ற முந்தைய பதிப்பைக் கூகுள் 2023 ஜூலை 1 அன்று நிறுத்தியது. ஒரு வருடம் கழித்து, அதிலிருந்த பழைய கணக்குகளைத் திறக்கும் வழியையும் மூடிவிட்டது. இறக்கி வைக்காதவர்களுக்குப் பழைய வருடங்கள் இல்லாமலே போயின. அதைவிடச் சிறு கடைகளை நேரடியாகத் தொட்டது இன்னொன்று. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு இலவசமாக ஒரு பக்கத் தளம் செய்துகொள்ளும் வசதி இருந்தது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் நம் ஊரில் ஏராளம். 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அணைக்கப்பட்டன. ஜூன் வரை தட்டியவர்களை மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அப்புறம் அதுவும் இல்லை. வருடத்துக்குச் சில நூறு ரூபாய் போனாலும் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

குக்கீ பற்றிய செய்திகளில் இதேபோன்ற ஆட்டம்தான் ஐந்தாறு வருடங்களாக நடந்தது. ஒரு தளத்தில் பார்த்த செருப்பு அடுத்த தளத்திலும் பின்னாலேயே வருகிறதே, அதைச் செய்வது மூன்றாம் தரப்புக் குக்கீ. அதை இரண்டு வருடத்தில் குரோமிலிருந்து எடுத்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. தள்ளிப்போட்டது, மறுபடியும் தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் எடுக்கப் போவதில்லை, பயனரே முடிவு செய்யட்டும் என்றது. 2025 ஏப்ரலில் அப்படிக் கேட்கும் தனித் திரையும் வராது என்றது. சஃபாரி 2020-லேயே இவற்றை முழுக்கத் தடுத்துவிட்டது. ஆப்பிள் 2021 ஏப்ரலில், செயலிகள் உங்களைத் தொடரலாமா என்று கைப்பேசிக்காரரையே கேட்க வைத்தபோது, பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022-ல் தங்களுக்கு ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு வருமானம் குறையும் என்று மெட்டா நிறுவனமே சொன்னது. மீன் விற்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். விளம்பரத் தளங்கள் முன்பு பார்த்து எண்ணியதில் ஒரு பகுதியை இப்போது ஊகித்து எண்ணுகின்றன. ஊகத்தை ஊகம் என்று அறிக்கையில் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

தேடலிலும் தரை மாறிவிட்டது. கூகுளில் கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் மேலே வருகிறது. இந்தியாவில் அது 2024 ஆகஸ்டில் வந்தது. பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் 2025-ல் பார்த்ததில், சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் கீழே உள்ள இணைப்பைத் தட்டினார்கள். சுருக்கம் வராதபோது 15 சதவீதம். 'நெத்திலி எப்படி ஆய்வது' என்று மகள் பாடுபட்டு எழுதிய பக்கத்துக்கு இனிக் கூட்டம் வராது. ஆனால் 'பக்கத்தில் மீன் கடை' என்று தேடுகிறவருக்குச் சுருக்கம் படித்து வயிறு நிறையாது. அவர் மேப்பைத் திறப்பார், அழைப்பார், வழி கேட்பார். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்திருந்தால் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதை அது தனியாகக் காட்டும். 640 போன்ற எண்ணைவிட அந்த இரண்டையும் நான் அதிகம் மதிப்பேன். வழி கேட்கும் தானியங்கி நிரல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது காசு விஷயம். ஐந்நூறு ரூபாய்க்கு இன்ஸ்டாகிராமில் 'பூஸ்ட்' போட்டீர்கள், ஒன்பது விற்பனை வந்தது என்று அது சொல்கிறது. மெட்டாவின் வழக்கமான விதிப்படி, விளம்பரத்தைத் தட்டிய ஏழு நாளுக்குள் வாங்கினால் அது விளம்பரத்தின் கணக்கு. தட்டாமல் சும்மா கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் விளம்பரத்தின் கணக்குதான். நாலு வருடமாக உங்களிடம் வாங்கும் அடுத்த தெரு அம்மா, விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் விளம்பரம் கடந்து போயிருக்கும். ஞாயிறு வழக்கம்போல வாங்குவார். அந்த விற்பனைக்கும் இன்ஸ்டாகிராம் மாலை போட்டுக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்களே இதில் ஏமாந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஈபே, தன் பெயரைத் தேடுகிறவர்களுக்கும் விளம்பரம் காட்டத் தேடுபொறிகளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2012-ல் அதன் பொருளாதார வல்லுநர்கள் அந்த விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். வருகை குறையவே இல்லை எனலாம். விளம்பரம் வழியாக வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும், 99.5 சதவீதம், கீழே இருந்த இலவச இணைப்பைத் தட்டி வந்துவிட்டார்கள். ஈபேயைத் தேடி வந்தவனுக்கு ஈபேயின் விளம்பரம் எதற்கு? குப்பத்திலும் இதே சோதனையைச் செய்யலாம். இரண்டு ஞாயிறு பூஸ்ட் போடுங்கள், இரண்டு ஞாயிறு போடாதீர்கள். கையில் வந்த ஆர்டரை மட்டும் ஒப்பிடுங்கள். திரை சொல்வதைப் பார்க்கவே வேண்டாம். அமாவாசை, கிருத்திகை, ஐயப்பன் மாலை போடும் கார்த்திகை மாதம் குறுக்கே வந்தால் அந்த ஞாயிறைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்களால் மீன் வியாபாரம் உண்மையாகவே மாறிய ஒரு கதை பக்கத்து மாநிலத்தில் உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. அதற்கு முன்பு மத்தி பிடித்தவர்கள் தங்கள் ஊர்க் கரைக்கே திரும்புவார்கள். 1997 ஜனவரியில் ஒரு காலை வடகரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டும் நிலையில் இருந்தார்கள். அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் 27 பேர் வாங்க மீன் கிடைக்காமல் நின்றார்கள். கைப்பேசி வந்த பிறகு கடலிலிருந்தே நாலு கரைக்கு அழைத்து விலை கேட்டு, நல்ல விலைக்குப் படகைத் திருப்பினார்கள். வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

அந்தக் கதையில் யாரும் யாரையும் பின்தொடரவில்லை என்பதைக் கவனியுங்கள். மீனவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு எண். இப்போது, அந்தக் கரையில், என்ன விலை. அது கரை சேர்வதற்கு முன்பே கிடைத்தது. அதனால்தான் படகின் திசை மாறியது. நம் குடும்பத்தின் 640 கிடைப்பது எல்லாம் முடிந்த பிறகு. அதை வைத்து அம்மா விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடை அதிகம் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. அவருக்கு உதவும் எண், சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள் வாட்ஸாப்பில் எத்தனை பேர் எத்தனை கிலோ சொல்லி வைத்தார்கள் என்பது. அதோடு இன்னும் இரண்டு: சொல்லி வைத்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் வாங்கவில்லை, மதியம் பெட்டியில் எவ்வளவு மிஞ்சியது. மூன்றும் எந்த அனலிட்டிக்ஸிலும் வராது. நாற்பது பக்க நோட்டில் வரும்.

நோட்டில் எழுதுவது இந்தக் குப்பத்துக்குப் புதிதும் இல்லை. இங்குள்ள மூத்த மீனவர் பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் கரையின் போக்கையும் கவனித்துக் குறித்து வந்தது, கடலைப் படிக்கும் ஆய்வாளர்களும் கேட்டு அறியும் அளவுக்குப் பேசப்பட்டது. வாடை எப்போது, கச்சான் எப்போது, அன்றைக்கு மீன்பாடு எப்படி என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதினால்தான் ஒன்றுக்கொன்று உறவு தெரியும். விற்பனைக் கணக்கையும் அதே வரிசையில் எழுதலாம். தேதி, காற்று, என்ன மீன், ஏல விலை, சொல்லி வைத்தது, மிஞ்சியது. ஒரு வருடம் எழுதினால், எந்த நிறுவனமும் விற்க முடியாத ஒரு தரவு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும்.

அந்த நோட்டிலும் வாட்ஸாப் பட்டியலிலும் வாடிக்கையாளர் பெயர், எண், வீட்டு முகவரி இருக்கும். கைப்பேசியில் இருக்கும் வரை அது சட்டத்தின் கண்ணில் தனிநபர் தரவு. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு விதிகள் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கின்றன, அதாவது 2027 மே வரை. எதற்காக எண்ணை வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் நீக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்பதைப் பார்த்துச் சிறு கடைக்காரர் பயப்பட வேண்டாம். அது பெரிய கசிவுகளுக்கான வரம்பு. சிறிய, புதிய நிறுவனங்களில் சில வகைக்குச் சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் மீன் வாங்கக் கொடுத்த எண்ணை ஒரு சீட்டுக் கம்பெனிக்காரரிடம் கொடுப்பது, எல்லோரையும் கேட்காமல் ஒரே குழுவில் போட்டு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும்படி செய்வது, இரண்டையும் இன்றே நிறுத்தலாம். குழுவுக்குப் பதில் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பினால் ஒருவருக்கு மற்றவர் எண் தெரியாது.

அனலிட்டிக்ஸே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். வாட்ஸாப் பொத்தானைத் தட்டியதை முக்கியச் செயலாகக் குறித்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை அதை மட்டும் பார்த்தால் பயன் உண்டு. பொத்தானைத் தட்டுகிறவர்கள் திடீரென்று பாதியாகக் குறைந்தால் இணைப்பு உடைந்திருக்கிறது என்று உடனே தெரியும். எந்த மீனின் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தட்டாமல் போகிறார்கள் என்பது தெரிந்தால் விலை போடாமல் விட்ட பக்கம் எது என்று கண்டுபிடிக்கலாம். கூகுளுக்குத் தரவு போக வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மடோமோ போன்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது; சென்னையின் சோஹோவும் பேஜ்சென்ஸ் என்ற ஒன்றை விற்கிறது. ஆனால் கருவியை மாற்றுவதால் மேலே சொன்ன ஓட்டைகளில் பாதிகூட அடையாது.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வைத்திருப்பவர்கள் ஒரு அமைப்பை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் காசிமேட்டு வரத்து குறைந்து, தடைக்கு உட்படாத ஃபைபர் படகு மீனுக்குக் கிராக்கி ஏறும். குப்பத்து வியாபாரத்தில் மிக முக்கியமான இரண்டு மாதம் அது. போன வருடத் தடைக்காலத்தோடு இந்த வருடத்தை விரிவாக ஒப்பிட நினைத்தால், விரிவான தரவைக் கூகுள் இரண்டே மாதம் வைத்திருந்துவிட்டு அழித்திருக்கும்; நீங்கள் எதையும் மாற்றாதவரை அதுதான் ஏற்பாடு. மேலோட்டமான அறிக்கைகள் இருக்கும், யார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனார் என்பது போன்ற ஆழமான அலசல் இருக்காது. நிர்வாகப் பகுதியில் தரவு தக்கவைப்பு என்ற இடத்தில் இரண்டு மாதத்தைப் பதினான்கு மாதமாக மாற்றினால் போதும். இலவசக் கணக்கில் அதற்கு மேல் கிடைக்காது. ஏற்கெனவே அழிந்தது திரும்ப வராது. ஆகவே அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்பே மாற்றிவிடுங்கள்.